என் மாணவன் எனக்கு வழிகாட்டியான வருடம்

அந்தச் சுற்றறிக்கை ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் வரும். ஞாயிறு முழுவதும் டீனுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் தனியாகத் தவிக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி நியமிக்கப்படுவார், வழிகாட்டிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வலையமைப்பாக இயங்குவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே வட்டம் வட்டமாக ஒரு படம். வட்டங்களை இணைத்து எல்லாத் திசைகளிலும் அம்புகள். அந்த வருடம் ஆய்வுக் குழு வரப்போகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. அதை எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பொருளாதாரம் கற்பிக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் இருபது வருடம் மணிக்கணக்குச் சம்பளத்தில், பல கல்லூரிகளில், காலையில் தி.நகர் என்றால் மாலையில் ராயப்பேட்டை என்று பஸ் மாறி மாறிப் போய் வந்தவள். தரமணிப் பக்கம் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆகவே பட்டியலின்படி நான் புதியவள். என் பெயருக்கு எதிரே என் வழிகாட்டியின் பெயர் இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

அவன் என் மாணவன். ராயப்பேட்டை மாலைக் கல்லூரியில் எம்.ஏ. படித்தவன். ஜன்னலோர பெஞ்ச். வகுப்பில் அவன் கேட்ட ஒரே கேள்வி, "மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்பதுதான். வாரம் ஒரு முறையாவது கேட்பான். பரீட்சைக்கு வருவதை மட்டும் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, எனக்கு நான்கு வருடம் முன்னதாகவே இங்கே வேலையில் சேர்ந்து, இப்போது இணைப் பேராசிரியர் ஆகியிருந்தான். துறையில் எல்லோருக்கும் நடுவில் நான் அவனை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். எழுத்திலும் இனி 'அவர்' என்றே போடுகிறேன். மனதுக்குள் அவன்தான்.

முதல் அமர்வுக்கு அவருடைய அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க மேடம்."

"நீங்க உக்காருங்க சார்."

"ஐயோ, சார்னு சொல்லாதீங்க மேடம். வைவாவுக்கு வந்த மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு ஒரே சமயத்தில் உட்கார்ந்தோம்.

படிவம் ஆறு பக்கம் இருந்தது. என் பலம் என்ன, என் பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன். ஐந்து வருடம் கழித்து ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன் என்று சொன்னேன். அவர் 'தலைமைப் பொறுப்புகளில்' என்று எழுதினார். கடைசிப் பக்கத்தில், 'இந்த அமர்வில் கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

"என்ன எழுதலாம் மேடம்?"

நான் யோசித்தேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு 'நேர மேலாண்மை' என்று தட்டினார். அந்தப் படிவத்தோடு உட்கார்ந்துவிட்டதால் எங்கள் இருவருடைய வகுப்பும் ஆரம்பிக்க வேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? செகண்ட் இயர்ல நான் போர்டு பக்கம் திரும்பினா பின்னாடி யாரோ பூனை மாதிரி கத்துறாங்க. நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

"திரும்பவே மாட்டேன். எழுத வேண்டியதை கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே போர்டுல எழுதி வெச்சுடுவேன். உங்க பேட்ச்லயும் ஒரு பூனை இருந்ததே."

"அது நான் இல்ல மேடம்," என்றார் உடனே. நான் கேட்கவே இல்லை.

அன்றைய அமர்வில் யாராவது ஏதாவது கற்றுக்கொண்டார்கள் என்றால் அது அந்த ஒரு விஷயம்தான். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. படத்தில் எல்லாத் திசைகளிலும் அம்புகள் இருந்தாலும், படிவத்தில் அவை மேலிருந்து கீழே மட்டும்தான் வரலாம்.

இரண்டாவது அமர்வு ஆடி மாதத்தில் வந்தது. அவர் குடும்பத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நடைபாதையில் துண்டு விற்று, கடை பிடித்தவர். ஆடித் தள்ளுபடி சமயத்தில் வீட்டில் யாருக்கும் விடுமுறை கிடையாது, பேராசிரியருக்கும்தான். "மேடம், சனிக்கிழமை கடைக்கே வந்துட முடியுமா? இடம் எங்கன்னு ஃபாரத்துல ஒண்ணும் சொல்லல," என்றார்.

போனேன். தெருவில் நடப்பதற்கு வழியில்லை, கூட்டம் தள்ளியே என்னைக் கடைக்குள் கொண்டுவந்து சேர்த்தது. என் வழிகாட்டி சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுங்குடிச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்து அவருடைய அப்பா எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர். நீங்கதான் இவனுக்குப் பாடம் எடுத்தீகளாமே. கொஞ்சம் புத்தி சொல்லிட்டுப் போங்க. எப்பப் பாத்தாலும் எதையோ ஃபோட்டோ எடுத்து எங்கயோ அனுப்பிக்கிட்டே இருக்கான். வாத்தியார் வேலையா, ஸ்டூடியோ வேலையான்னே தெரியல."

ஃபோட்டோ அவருடைய குற்றமில்லை. ஒவ்வொரு அமர்வுக்கும் நேரமும் இடமும் பதிவான படம் ஒன்றை ஏற்ற வேண்டும் என்பது விதி. பட்டுச் சேலைப் பிரிவில் கொஞ்சம் கூட்டம் குறைவாக இருந்தது. அங்கே நின்று, இருவரும் ஒரு நோட்டைப் பார்ப்பது போல எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை தர உறுதிப் பிரிவிலிருந்து ஃபோன் வந்தது. அமர்வில் இருவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், படத்தில் மூன்று பேர் இருக்கிறார்களே, பச்சைப் புடவை கட்டியிருக்கும் மேடம் எந்தத் துறை? அது ஜவுளிக்கடைப் பொம்மை என்று அவர் எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க, பழைய இடங்களில் வேலை பார்த்ததற்கான அனுபவச் சான்றிதழ்கள் வேண்டும். மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. ராயப்பேட்டை மாலைக் கல்லூரிச் சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கல்லூரியே இப்போது இல்லை. அதை நடத்திய அறக்கட்டளை கல்லூரியை மூடிவிட்டுக் கட்டடத்தைக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டது. நான் வேலை பார்த்தேன் என்பதற்கு என் கையில் இருந்த ஒரே அத்தாட்சி என் வழிகாட்டிதான். அவர்தான் அங்கே என்னிடம் படித்தவர். அதை அலுவலகம் ஏற்றுக்கொள்ளவில்லை.

வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "எனக்கு எல்லாமே ஒரே இடத்துல இருந்ததால ஈஸியா முடிஞ்சிடுச்சு மேடம். இதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலையே." பிறகு தயங்கித் தயங்கி, "இதையும் மூணு பாடத்துல ஒண்ணா போட்டுடலாமா?" என்று கேட்டார்.

வழி கிடைத்தது பறக்கும் ரயிலில்.

நான் தினமும் திருமயிலை ஸ்டேஷனில் ஏறித் தரமணியில் இறங்குவேன். அதே ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்டில், எங்கள் நிர்வாகப் பிரிவு சூப்பிரண்டு அக்காவும் வருவார். ராயப்பேட்டைக்காரர். கிளார்க்காகச் சேர்ந்து, தபாலில் பி.காம். படித்து, முப்பது வருடத்தில் சூப்பிரண்டு ஆனவர். ஜன்னல் பக்கம் அவருக்கு ஒரு இடம் இருக்கும். அவரைச் சுற்றி எங்கள் ஆசிரியைகள் நாலைந்து பேர் நின்றுகொண்டே வருவோம். உட்கார இடம் இருந்தாலும் நிற்போம். யாருக்காவது பேறுகால விடுப்பில் சந்தேகம் இருக்கும், யாருடைய ஃபைலாவது எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும். இயற்பியல் ஆசிரியை ஒருத்தி, திரும்பி வந்த கட்டுரைக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று நின்ற வாக்கிலேயே இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுப்பாள். கோட்டூர்புரம் வரும்போது கீழே ஓடும் ஆற்றை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

வழிகாட்டி, அதாவது மென்டர், திட்டத்தில் நான் மென்டி, வழிகாட்டப்படுகிறவள், என்று சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க மென்டியா? இன்னா மேடம், என் காதுல மென்டல்னு விழுந்துச்சு."

சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்த மண்டபத்து மேனேஜர் யாருன்னு தெரியுமா? அந்தக் காலேஜ்ல ஹெட் கிளார்க்கா இருந்தாரே, அவரேதான். ரிஜிஸ்டரெல்லாம் அவராண்டதான் கீது. நேராப் போங்க. முகூர்த்த நாள்ல மட்டும் போவாதீங்க, பந்திக்கு நிக்கறாங்கன்னு நெனச்சுப்பாங்க. இப்ப ஆடிதானே, சும்மாதான் குந்திக்கினு இருப்பாரு."

அப்படியேதான் இருந்தார். காலியான மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம்! நீங்க சாக்பீஸ் நிறைய கேப்பீங்களே," என்றார். சமையல்கட்டுப் பக்கத்து அறையில், அண்டாக்களுக்குப் பின்னால், வருகைப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. நான்கு வருடம். ஒன்றில் சாம்பார் கறை இருந்தது. அந்த நான்கு வருடங்கள் உண்மையாகவே நடந்தவை என்று எனக்கே அன்றுதான் உறுதியானது போல இருந்தது. பத்து நாளில் அறக்கட்டளைச் செயலாளரின் கையெழுத்தோடு சான்றிதழ் வந்துவிட்டது.

ஆய்வுக் குழு டிசம்பரில் வந்தது. தலைவர் வேறு மாநிலத்துப் பேராசிரியை. நரைத்த முடியை வெட்டிவிட்டிருந்தார், பருத்திப் புடவை, யாருடைய பூங்கொத்தையும் வாங்கவில்லை. வழிகாட்டல் வலையமைப்பைப் பற்றி டீன் நாற்பது நிமிடம் வட்டங்களையும் அம்புகளையும் காட்டினார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை, படம் வரைந்துவிட்டால் அது நடந்துவிடும் என்று மனதார நம்புகிறவர். படம் முடிந்ததும் அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு நிஜமாக உதவி செய்த ஒருவரைச் சொல்லுங்கள், என்ன உதவி என்றும் சொல்லுங்கள். முதலில் என்னைத்தான் கை காட்டினார்.

என் வழிகாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. சூப்பிரண்டு அக்காவைச் சொன்னேன். ரயிலைச் சொன்னேன், மண்டபத்தைச் சொன்னேன், அண்டாவைக்கூடச் சொன்னேன். டீன் கண்களை மூடிக்கொண்டார். சொல்லி முடித்ததும் என் வழிகாட்டி கையைத் தூக்கினார். "எனக்கு உதவினது இவங்கதான்," என்று என்னைக் காட்டினார். "இப்ப என் கிளாஸ்ல பூனை கத்தறதில்ல." அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது குழு உறுப்பினர் ஒருவர் பூனை என்பதைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

வேலை போகாது, ஆனால் பரீட்சைப் பொறுப்பு எல்லாம் என் தலையில் விழும் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன். நடந்ததோ வேறு. அறிக்கை வந்தபோது அதில் எங்கள் வழிகாட்டல் முறைக்குத் தனியாக ஒரு பத்தி இருந்தது. பதவி வேறுபாடு பார்க்காத, வகுப்பறைக்கு வெளியிலும் இயங்குகிற, பாராட்டத்தக்க வலையமைப்பு என்று, சூப்பிரண்டு அக்காவின் பெயரையும் போட்டு எழுதியிருந்தார்கள். டீன் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார்.

"இதைத்தான் மேடம் நான் முதல்லேருந்து சொல்லிட்டிருந்தேன். இப்ப இதை நாம முறைப்படுத்தணும்."

முறைப்படுத்தினார். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. சூப்பிரண்டு அக்கா 'முதன்மை வழிகாட்டி' ஆனார். எல்லாத் துறைகளிலிருந்தும் அவருக்கு ஆட்களை ஒதுக்கினார்கள். கழுத்தில் ஒரு நீல அட்டை. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை. ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் ஆறு பக்கப் படிவம், மூன்று பாடங்கள், படம். ரயிலில் நடப்பதற்கு 'நகரும் வழிகாட்டல்' என்று பெயர் வைத்து, பெட்டிக்குள் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். லேடீஸ் கம்பார்ட்மென்டில் நாங்கள் எப்படி ஏறுவது என்று ஆண் ஆசிரியர்கள் விளக்கம் கேட்டு எழுதினார்கள். அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

அடுத்த நாள் ரயிலில் அக்கா என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லா மாட்டி வுட்டீங்க மேடம்."

"அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"நாலு பேரு நாலு விஷயம் கேப்பாங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்வேன், ஸ்டேஷன் வந்தா எறங்கிப் போய்க்கினே இருப்பேன். இப்ப வாயத் தொறந்தா ஃபாரம் போடணும். உங்களுக்குன்னா சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சிரும். நான் ஃபாரம் போட்டுக்கினு இருந்தா என் வேலைய யார் செய்வா?"

பேறுகால விடுப்புப் பற்றிக் கேட்க வந்த புதுப் பெண் ஒருத்தி, அக்காவின் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரத்தில் அக்கா பஸ்ஸுக்கு மாறிவிட்டார். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. பாராட்டியதால் ஒருவரை இவ்வளவு கஷ்டப்படுத்த முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டீனிடம் போய் அக்காவை விட்டுவிடச் சொன்னேன். அறிக்கையில் வந்த பெயரை எப்படி எடுப்பது என்று கேட்டார். அவர் பார்வையில் அது நியாயமான கேள்விதான். என் வழிகாட்டியிடம் புலம்பினேன். "அந்த கைட்லைன்ஸ் புக்கை யாராவது முழுசா படிச்சிருக்காங்களா மேடம்?" என்று மட்டும் அவர் கேட்டார். டீன் தயாரித்த விதிமுறைக் கையேடு அது. யாரும் படித்ததில்லை. டீன் உட்பட என்று இப்போது நினைக்கிறேன்.

பிப்ரவரி மாத ஆசிரியர் கூட்டத்தில் என் வழிகாட்டி எழுந்து நின்றார். ஆறு வருடத்தில் அவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. கையில் கையேடு, பக்கத்தில் பென்சில் கோடு. இந்த மனிதர் பரீட்சைக்கு வராத ஒன்றைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நாற்பத்தோராம் பக்கம், ஏழாவது விதி. வழிகாட்டியா இருக்கிறவங்க முனைவர் பட்டம் வாங்கியிருக்கணும்னு போட்டிருக்கு. சூப்பிரண்டு மேடம் பி.காம். அடுத்த முறை குழு வந்து இதைக் கேட்டா என்ன சொல்றது?"

டீன் கையேட்டை வாங்கிப் படித்தார். அவரே எழுதிய விதி. மீறினால் தன் படத்தையே தான் அழிப்பது போல. "நல்ல பாயிண்ட்," என்றார், பல் வலிக்கிறவர் போல.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அன்று சாயங்காலம் அக்காவைத் தேடிப் போய், பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். உத்தரவின் நகல் அவர் கையில் இருந்தது. 'போதிய கல்வித் தகுதி இல்லாத காரணத்தால் மேற்படி பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' அதை நான் கணினியில் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்தபோது 'விடுவிக்கப்படுகிறார்' என்ற வார்த்தை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அக்காவின் விரல் முதல் பாதி மேல் இருந்தது.

"விட்டுட்டாங்க அக்கா," என்றேன்.

"ஆமா. விட்டுட்டாங்க." காகிதத்தை நான்காக மடித்தார். "முப்பது வருசத்துல ஆயிரம் பேருக்கு ஆர்டர் அடிச்சுக் குடுத்திருப்பேன். எனக்குத் தகுதி இல்லன்னு ஒரு ஆர்டர் வரும்னு நெனச்சதில்ல."

நானும் என் மாணவனும் சேர்ந்து செய்த கெட்டிக்காரத்தனம் அந்தப் பஸ் ஸ்டாப்பில் எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வுடுங்க மேடம். அந்தத் தம்பி எனக்காகத்தான் எழுந்து நின்னாருன்னு தெரியும். டீன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அத சொல்லுங்க."

சொன்னேன். பல்வலி வரைக்கும் சொன்னேன். அவர் சிரித்தார். முழுதாகச் சிரித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் சிரித்தார். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

மார்ச்சில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. கோப்பில், வழிகாட்டியின் தொடர் வழிகாட்டலால் சாத்தியமானது என்று குறிப்பு இருக்கிறது. அதை எழுதியது நான்தான், கட்டம் காலியாக இருந்தால் கணினி விடாது. அவர் இன்னும் பொதுவிலும் தனிமையிலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். நான் அவரை சார் என்பதை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அக்கா ரயிலுக்குத் திரும்பி வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. வந்த முதல் நாள் ஜன்னல் பக்கம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றபடியே வந்தார். மந்தைவெளி தாண்டும் வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு அந்தப் புதுப் பெண்ணை அவராகவே திரும்பிப் பார்த்து, "உனக்கு எத்தினி மாசம்மா?" என்று கேட்டார்.